பழைய யூட்டின் முன்சில்லுகள்: திருத்துவதா, விற்பதா?



வழமையாக இந்த நேரத்தில் வருமான வரி, ஓய்வூதிய நிதி என்று பேசுகிற நான், இன்று பழைய யூட் ஒன்றின் முன்பக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளருக்கும் பிறேக்குக்கும் என்ன தொடர்பு என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால், இந்தக் கேள்வி என் மேசைக்குத்தான் அடிக்கடி வருகிறது.

சிட்னியில் புல்வெட்டும் தொழில் செய்யும் என் வாடிக்கையாளர் ஒருவரிடம் 1999ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு ஆண்டுதோறும் ‘பிங்க் சிலிப்’ என்ற பாதுகாப்புச் சோதனை வேண்டும். அதற்கு முன்பாகக் கராஜில் காட்டியபோது, முன்பக்க போல் ஜொயின்ற், ரப்பர் புஷ், பிறேக் டிஸ்க், பாட் எல்லாம் மாற்ற 2,400 டொலர் என்றார்கள். வாகனத்தை விற்றால் 3,500 கூடத் தேறாது. “அண்ணை, பிறேக் பாட்டை மட்டும் மாத்திப்போட்டு இந்த வருசம் ஓட்டட்டோ?” என்று கேட்டார்.

நான் சொன்ன முதல் விஷயம் இதுதான்: திருத்தச் செலவை வாகனத்தின் விற்பனை விலையோடு ஒப்பிடக்கூடாது. அந்தச் செலவு இல்லாவிட்டால் அதன் இடத்தில் என்ன வாங்க வேண்டிவரும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். கணக்கேட்டில் பெறுமானத் தேய்வு போய் அது பூச்சியமாகியிருக்கலாம். ஆனால் புல்வெட்டும் இயந்திரங்களோடு பள்ளத்தில் இறங்கும்போது அதன் பாரம் பூச்சியம் இல்லை.

இரண்டாவது, எது தேய்ந்திருக்கிறது என்று நாமே கண்ணால் பார்க்க வேண்டும். முன்சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பெரும்பாலும் சில்லு பெயரிங். நிற்காவிட்டால் போல் ஜொயின்ற் போன்ற சஸ்பென்ஷன் பாகம். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் தண்டின் முனைகளைப் பார்க்கவேண்டும். பிறேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கலிப்பர் இறுகியிருக்கலாம், அல்லது பழைய ரப்பர் குழாய் உள்ளே அடைபட்டிருக்கலாம். ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சில்லின் சாய்வு பிழைத்திருக்கலாம். நல்ல மெக்கானிக் இவற்றை ஆட்டிக் காட்டத் தயங்கமாட்டார். எங்கள் நண்பரும் போய்ப் பார்த்தார். கீழ்ப்பக்க போல் ஜொயின்ற் இரண்டிலும் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்ததாம்.

பாட்டை மட்டும் மாற்றுவது ஏன் சரிவராது? பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால், கூடுதல் வேலை முன்சில்லுகளுக்குத்தான். அந்தச் சில்லைப் பிடித்து நிற்பது போல் ஜொயின்ற். அது கழன்றால் சில்லு மடங்கிவிடும். ஸ்டியரிங்கும் கையில் நிற்காது. புதுப் பாட் அந்த நேரம் உதவாது.

மூன்றாவது, கூலிக் கணக்கு. பிறேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் சில்லைக் கழற்ற வேண்டும், கலிப்பரையும் விலக்க வேண்டும். இன்று பாதி, ஆறு மாதம் கழித்து மீதி என்றால் ஒரே கூலியை இரண்டு தரம் கொடுக்கிறீர்கள். சில்லுச் சீரமைப்பு, அதாவது அலைன்மென்ற், எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு தரம் செய்தால் போதும். முதலில் செய்தால் அந்தக் காசு வீண்.

வேலை கொடுக்கும்போது கேட்கவேண்டியவை சில. பாட்டும் டிஸ்க்கும் இரண்டு பக்கமும் சோடியாக மாற்றவேண்டும். டிஸ்க்கில் ஆகக்குறைந்த தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள், அதற்கு மேல் இருந்தால் மாற்றத் தேவையில்லாமலும் போகலாம். ரப்பர் புஷ்ஷின் ஆணிகளை, வாகனத்தின் பாரம் சில்லில் இறங்கி நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்கவேண்டும். தூக்கியபடி இறுக்கினால் ரப்பர் முறுகி நின்று சீக்கிரம் கிழியும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சு போலாவதற்கு இது ஒரு காரணம். ஆகவே அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்ய விரும்பும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள். தாங்கு கட்டைகள் கட்டாயம் வேண்டும். ஜாக் வழுகி உயிரிழந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இந்த ஹைலக்ஸில் முன்பாரத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பி. வேறு வாகனங்களில் சுருள் வில். இரண்டிலும் பெரிய விசை அடங்கியிருக்கிறது, அனுபவம் இல்லாமல் கழற்றக் கூடாது. பிறேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஆஸ்திரேலியாவில் அஸ்பெஸ்டஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2003 டிசம்பர் 31இல்தான். அதற்கு முந்திய பாகங்களில் அது இருக்கலாம். பாட் மாற்றிய பின், வாகனத்தை அசைக்கும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பாருங்கள்.

எங்கள் நண்பர் முழு வேலையையும் ஒரே தரத்தில் செய்வித்தார். ஒரு வார வேலை போனது, காசும் போனது. ஆனால் பிங்க் சிலிப் கிடைத்தது. பழைய கடனும் இல்லை, புதுக் கடனும் இல்லை. தொழிலுக்குப் பாவிக்கும் பங்கின் அளவுக்கு இந்தத் திருத்தச் செலவை வரியில் கழிக்கலாம் என்பதால், பற்றுச்சீட்டை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன்.

எல்லாப் பழைய வாகனமும் திருத்தத் தகுந்தது என்று நான் சொல்லவில்லை. சட்டகம் துருப்பிடித்து உக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் சட்டகமும் எஞ்சினும் நல்லதென்றால், “வாகனத்தின் விலையே இவ்வளவுதானே” என்று பிறேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதை ஓட்டுவது உங்கள் வீட்டு மனிதர். எதிரே வருவது இன்னொரு வீட்டு மனிதர்.

அடுத்த மாதம் மீண்டும் வரிக் கணக்கோடு சந்திக்கிறேன்.