தோள் கொடுத்த ஊரில் ஓர் இருக்கை



பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, உங்களில் பலருக்கு இது குடும்பத்தின் முதல் பட்டம். சிலருக்கு ஊரின் முதல் பட்டமாகவும் இருக்கலாம். இனி உங்கள் ஊரில் யாருக்காவது ஒரு மனு எழுத வேண்டுமென்றால் உங்களைத் தேடித்தான் வருவார்கள். வேலை, சம்பளம், மேற்படிப்பு பற்றியெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள். மறுவாழ்வுப் பணியில் இருக்கும் நான் பேச வந்தது உங்கள் ஊர்க் கிராம சபையைப் பற்றி. அதில் இதுவரை உட்காராத மாற்றுத்திறனாளிகளைப் பற்றி.

ஜவ்வாது மலைக்காரர்களுக்கு டோலி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நீண்ட கழி, அதில் கட்டிய போர்வை, இரண்டு பக்கமும் தோள் கொடுக்க ஆட்கள். பிரசவ வலி எடுத்தவர், பாம்பு தீண்டியவர், புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவர் என்று எத்தனையோ பேர் இந்தத் தோள்களில் இறங்கிப் பிழைத்திருக்கிறார்கள். எல்லாரும் பிழைத்துவிடவில்லை. 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு பெண்குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்தச் சிறு உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது.

இந்த மலையில் ஒருவர் விழுந்தால் யாரும் கூப்பிடாமலே நாலு பேர் வந்து நிற்கிறார்கள். நகரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட எனக்கு அது எவ்வளவு பெரிய செல்வம் என்று தெரியும். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாம், நடக்க முடியாத ஒருவரைக் கிராம சபைக்கு என்றாவது அழைத்துச் சென்றிருக்கிறோமா? உயிரைக் காப்பாற்றத் தோள் கொடுத்த ஊர், காப்பாற்றிய பிறகு அவருடைய கருத்தைக் கேட்டிருக்கிறதா?

வீட்டுக்குள் அவருக்குச் சோறு உண்டு, பாசம் உண்டு. ஊர்க்கவுண்டர் கூட்டும் பஞ்சாயத்தில் அவர் குரல் கேட்பதில்லை. எந்த ஓடைக்குப் பாலம், எந்தத் தெருவுக்குக் குழாய், யாருக்குத் தொகுப்பு வீடு என்று பேசும்போது, அந்த ஓடையைத் தாண்ட முடியாதவரைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

காப்பாற்றியவரைப் பொறுப்புக்கும் அழைப்பதற்கு இந்த மலையின் அடிவாரத்திலேயே, வேலூரில், ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவருடன் பணியாற்றியவர்கள் இனி இவரைப் பத்திரமாக வைத்துப் பராமரிப்போம் என்று முடிவு செய்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட் அவரைத் திரும்ப அறுவை அரங்குக்குள் கூப்பிட்டார். கைகளில் செய்யும் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார்.

பிறகு நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்கிடம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இன்றும் பாகாயத்தில் இருக்கும் அந்த நிலையத்துக்குத்தான் வருகிறார்கள். மரத்திலிருந்து விழுவது நம் கிராமப்புறங்களில் இந்தக் காயத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே அவர்கள் படுக்கைப்புண் வராமல் காத்துக்கொள்ளவும், நாற்காலியை ஓட்டவும், சிறுநீரைச் சீராக வெளியேற்றவும் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

என் போன்றவர்களின் வேலை ஏறக்குறைய அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. தளமிட்ட வழுவழுப்பான தரையில் நாற்காலி ஓட்டப் பழகிய ஒருவர், கல்லும் மேடுமான ஊருக்குத் திரும்புகிறார். முற்றத்தைத் தாண்டி அந்தச் சக்கரம் உருளாது. கழிப்பறை இருந்தால் அதற்கு இரண்டு படி இருக்கும். இதற்கு மருத்துவத்தில் மருந்து இல்லை. ஊராட்சியின் தீர்மானத்தில்தான் இருக்கிறது. ஒரு சரிவுப் பாதை, அகலமான ஒரு கதவு, வீட்டிலிருந்து சாலை வரை சமமான ஒரு நடைபாதை. இவை சிறிய செலவுகள். கேட்க ஆள் இல்லாததால்தான் நடக்கவில்லை.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் தன் சொந்த ஊரிலேயே, ஒரு கீற்றுக் கொட்டகையில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கினார். அதுதான் அமர் சேவா சங்கம். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை அதற்கு வைத்தார். பின்னர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். அவரும் மாற்றுத்திறனாளி. இன்று அது சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் சென்று சேரும் பெரிய நிறுவனம். என்னை அதில் ஈர்ப்பது அதன் தலைமை. உதவி பெறும் இடத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்க வேண்டியவர்கள், ஊருக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முன்பு 7 ஆக இருந்த வகைகளை 21 ஆக்கியது. மனநலப் பாதிப்பு, ஆட்டிசம், தசைச்சிதைவு, அரிவாள் உயிரணு நோய், அமில வீச்சால் பாதிப்பு எல்லாம் அதில் அடங்கும். அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் இடஒதுக்கீடும் உண்டு. இவை அனைத்துக்கும் கதவு ஒன்றுதான்: அடையாள அட்டை, அதாவது யுடிஐடி கார்டு. அதற்கு மருத்துவர் சான்று வேண்டும். மலை உச்சியில் ஒரு கொல்லையில் இருப்பவர் அதற்காக மாவட்டத் தலைநகர் வரை இறங்க வேண்டியிருக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தவர் போளூர் இறங்கித் திருவண்ணாமலைக்கும், புதூர்நாட்டுக்காரர் திருப்பத்தூருக்கும், பீஞ்சமந்தைக்காரர் வேலூருக்கும் போகிறார்கள். மலை ஒன்று, மக்கள் ஒன்று, மாவட்டம் மட்டும் மூன்று. முகாம் மலைக்கு வரட்டும் என்று மூன்று கலெக்டர்களிடமும் சேர்ந்து கேட்க உங்களைப் போன்ற படித்தவர்கள் ஒன்றுகூட வேண்டும். மூன்று பக்கத்துப் பிள்ளைகளும் இந்த ஒரே மண்டபத்தில் இன்று உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கேட்டுப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் உழைத்தால் முழுக் கூலி என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தது. தண்ணீர் கொடுப்பது, கன்றுகளைப் பார்த்துக்கொள்வது, வேலைக்கு வந்த தாய்மாரின் குழந்தைகளைக் கவனிப்பது போன்ற வேலைகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. சங்கமாகத் திரண்ட மாற்றுத்திறனாளிகள் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகே அது கிடைத்தது. அந்தக் கூலியைக் கையில் வாங்கிய பலருக்கு அது வாழ்க்கையின் முதல் சம்பளம்.

இன்னொரு மாற்றம் 2025 ஏப்ரலில் நடந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் ஊராட்சிகள் சட்டத்தையும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் திருத்தி, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தது. கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர், நகர்ப்புறத்தில் 650 பேர் என்று அரசு கணக்குச் சொன்னது. அதுவரை மாநிலத்தின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் இருந்த மாற்றுத்திறனாளிகள் 35 பேர்தான் என்று முதலமைச்சர் அப்போது பேரவையில் சொன்னார். நகர்ப்புறத்தில் மட்டுமே 35 எங்கே, 650 எங்கே!

எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. நியமனம் என்பது மக்களிடம் ஓட்டுக் கேட்டு வருவது போன்றதாகாது. செல்வாக்குள்ள ஒருவர் தன் சொல்லைக் கேட்கும் உறவினரைப் பெயருக்கு உட்கார வைக்கவும் முடியும். பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்த காலத்தில், கையெழுத்து மனைவியுடையதும் அதிகாரம் கணவனுடையதுமாக எத்தனை ஊராட்சிகள் நடந்தன என்பது உங்கள் பெற்றோருக்குத் தெரியும். அந்தப் பெண்களில் பலர் பிறகு தாமே எழுந்து நின்று ஊராட்சியை நடத்தினார்கள் என்பதும் தெரியும். ஆகவே இருக்கை கிடைத்தால் போதாது. அதில் உட்காருபவருக்கு வரவுசெலவுக் கணக்கைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். காது கேளாதவராக இருந்தால் சைகையில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பார்வையற்றவராக இருந்தால் தீர்மானப் புத்தகத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள். அவர் பேசுவதற்கு என்ன தேவையோ அதைச் செய்துகொடுங்கள்.

திருவண்ணாமலைப் பக்க ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்துக்கு 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. அதனால் ஒரே மலையில் ஒரு பக்கம் தலைவர் இருக்கும் காலத்தில் இன்னொரு பக்கம் தனி அலுவலர் இருக்க நேர்கிறது. யார் இருந்தாலும் கிராம சபை கலைவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மலையில் ஓர் ஊராட்சி என்பது சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள். சபை எப்போதும் ஒரே ஊரில் கூடினால், தூரத்துக் கொல்லையில் இருக்கும் பார்வையற்ற பாட்டி அதன் உறுப்பினர் என்பது ஏட்டில் மட்டும்தான் உண்மை. முறைவைத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஊரில் கூட்டுங்கள் என்று கேட்டால் என்ன?

புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதியை இந்த மலையில் அறியாதவர் இல்லை. 2023இல் குழந்தை பெற்ற சில நாட்களிலேயே சென்னைக்குப் பயணம் செய்து சிவில் நீதிபதித் தேர்வை எழுதி வென்றவர். அவருடைய உழைப்பை எல்லாரும் பாராட்டினோம். அவரைச் சுற்றி இருந்தவர்கள் அந்தப் பச்சை உடம்புக்காரிக்கு ஏற்றபடி பயணத்தை அமைத்துக் கொடுத்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடல் தளர்ந்திருக்கிறது, ஆகவே வீட்டில் இரு என்று சொல்லியிருந்தால் இந்த மலைக்கு அந்த நீதிபதி கிடைத்திருக்க மாட்டார். மாற்றுத்திறனாளிகள் கேட்பதும் அந்த ஏற்பாட்டைத்தான்.

இன்று பட்டம் பெறுபவர்களில் மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பேருந்து ஏற, வகுப்பறைப் படி ஏற, தேர்வில் சொல்வதை எழுத ஓர் ஆளைத் தேட என்று மற்றவர்கள் படிக்காத பாடங்களையும் சேர்த்துப் படித்து முடித்திருக்கிறீர்கள். எந்த மேடையிலும் உங்களை ஊக்கத்துக்கு எடுத்துக்காட்டாக மட்டும் நிறுத்த விடாதீர்கள். உங்களுக்குப் பின் வரும் பிள்ளைக்கு அந்தப் படி இருக்கக் கூடாது என்று கேளுங்கள். நியமன உறுப்பினர் பொறுப்புக்கு விண்ணப்பியுங்கள். அதோடு நின்றுவிடாமல் தேர்தலிலும் நில்லுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஊருக்குப் போனதும் உங்கள் குக்கிராமத்தில் மாற்றுத்திறனாளிகள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். மனநலம் பாதிக்கப்பட்டு அறைக்குள் இருப்பவரையும், பேசாத பிள்ளை என்று மட்டும் சொல்லப்படும் குழந்தையையும் விட்டுவிடாதீர்கள். யாரிடம் அட்டை இருக்கிறது, யாருக்குப் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, வாக்காளர் பட்டியலில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒவ்வொருவரிடமும், ஊருக்கு என்ன வேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று யாரோ ஒருமுறையாவது அவரிடம் கேட்டிருப்பார்கள். ஊருக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தாளுடன் ஊராட்சிச் செயலரைப் பார்த்து, அடுத்த கிராம சபையின் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். சபை கூடும் நாளில் அவர்களையும் உங்கள் கூடவே அழைத்துச் செல்லுங்கள். தீர்மானம் நிறைவேறினால், பதிவேட்டில் எழுதி முடித்த பிறகு, அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ அதில் விழும்வரை இருந்துவிட்டு வாருங்கள்.