ஏட்டுக் கல்வியும் நாட்டுக் கடமையும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லுவது ஒன்று உண்டு. "நன்றாகப் படியுங்கள், பெரிய உத்தியோகத்துக்குப் போங்கள், பெற்றோரைக் காப்பாற்றுங்கள்" என்பார்கள். அது தவறான பேச்சன்று. ஆனால் பாதிப் பேச்சு. மற்றப் பாதியைச் சொல்லலாம் என்றுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்தக் கிள்ளான் மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1941ஆம் ஆண்டு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ரப்பருக்கு நல்ல தேவை இருந்தது. ஆனால் பால் சீவுகிறவன் கூலி உயரவில்லை. அப்போது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். "தமிழ் நேசன்" பத்திரிகையில் உதவியாசிரியராக இருந்தவர். அவருடைய வழிகாட்டலில் இந்த வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்; தங்கள் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு முன்வைத்தார்கள்.

அந்தப் பட்டியலில் என்னென்ன இருந்தன தெரியுமா? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூட வேண்டும், நல்ல வைத்திய வசதி வேண்டும், சங்கம் வைக்க உரிமை வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றார்கள். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டுக் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதுதான் அது.

1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர் திரண்டபோது சிலாங்கூரில் அவசர நிலை பிறந்தது, பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, நம்மவர் உயிர்கள் போயின.

தோழர்களே! பள்ளிக்கூடமும் சைக்கிளும் ஒரே பட்டியலில் இருந்ததை எண்ணிப் பாருங்கள். அந்தத் தொழிலாளரில் பலர் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். ஆனாலும் ஓர் உண்மை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டும். அதோடு அவன் மனிதனாக நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். ஒன்று கல்விப் பண்பு, மற்றொன்று குடிமைப் பண்பு. இரண்டும் சேர்ந்தால்தான் மாணவன் வளருவான். அவன் குறிக்கோளும் செம்மையாகும்.

முதலில் கல்விப் பண்பைப் பார்ப்போம்.

பாடத்தை மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டுவது கல்விப் பண்பு ஆகாது. ஏன் என்று கேட்பது, கண்டதைக் கண்டபடி சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது, தவறினால் மறுபடியும் முயல்வது, இவையே கல்விப் பண்புகள். "இவையெல்லாம் படித்தவர் வீட்டுச் சமாசாரம், எங்களுக்கு என்ன தெரியும்?" என்று தாய்மார்கள் எண்ண வேண்டாம். உங்கள் கையிலுள்ள கத்தியிலேயே இந்தக் கல்வி இருக்கிறது.

விடியற்காலையில் ஏன் பால் சீவுகிறோம்? வெயில் ஏற ஏற மரம் இலை வழியாக நீரை இழக்கிறது. பட்டையிலுள்ள பால் குழாய்களின் அழுத்தம் குறைகிறது. பால் ஓட்டமும் குறைகிறது. வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிகிறது? பால் குழாய்கள் மரத்தில் சற்றே சாய்ந்து ஓடுகின்றன; அப்படி வெட்டினால் அதிகமான குழாய்கள் திறக்கும். ஏன் ஆழமாக வெட்டக் கூடாது? உள்ளே பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் காயப்பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். மரம் பிற்காலத்துக்கு உதவாது. இதையெல்லாம் நம் பெண்கள் தினந்தோறும் இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் செய்கிறார்கள். அதன் காரணத்தையும் பிள்ளையிடம் சொன்னால் அது விஞ்ஞானப் பாடம்.

1888ஆம் ஆண்டு சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் சோதித்தார். பழைய வெட்டையே மெல்லச் சீவிப் புதுப்பித்தால் பால் தொடர்ந்து வரும் என்று கண்டார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலைந்த அவரைப் பைத்தியம் என்றே கேலி பேசினார்கள். கேலிக்கு அவர் அஞ்சவில்லை. மாணவ மணிகளே, வகுப்பில் கேள்வி கேட்டால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கேள்வி கேட்காத பிள்ளைக்கு மதிப்பெண் வரலாம், அறிவு வராது.

இனிக் குடிமைப் பண்பைப் பார்ப்போம்.

குடிமைப் பண்பு என்றால் தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்துவதோடு முடிந்துவிடுமா? கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, பெரும்பான்மையோர் எடுத்த முடிவுக்குத் தோற்றவரும் கட்டுப்படுவது, பொதுப்பணத்துக்குக் காசு காசாகக் கணக்குக் காட்டுவது, நமக்கு மேலுள்ளவனிடம் குனியாமலும் கீழுள்ளவனைக் குனிய வைக்காமலும் நடப்பது, இவையே குடிமைப் பண்புகள்.

இவற்றை நம் மக்கள் எப்படிச் சாதித்துக் காட்டினார்கள் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. தொழிலாளி வேலையும் இழந்தான், லயத்து வீடும் இழந்தான். அப்போது, 1960இல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் சீவியவர்கள் கட்டிய அந்தப் பத்துப் பத்து வெள்ளியால் 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்கு வந்தவர்கள் பங்குதாரர் ஆனார்கள். கணக்குப் பாடமும் ஒற்றுமைப் பாடமும் சேர்ந்ததால் விளைந்த பயன் அது.

அடுத்தது பிரிக்பீல்ட்ஸ். அங்குள்ள விவேகானந்தா ஆசிரமம் 1904இல் இலங்கைத் தமிழர்களின் முயற்சியால் எழுந்தது. குமாஸ்தா வேலையிலும் ரயில்வே வேலையிலும் இருந்தவர்கள் நிறைந்த வட்டாரம் அது. ஆசிரமத்தின் நிழலில் தமிழ்ப்பள்ளியும் பிற பள்ளிகளும் வளர்ந்தன. நூறாண்டு கழித்து, 2014இல், அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது பொதுமக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கல்லெறியவில்லை, கையெழுத்துத் திரட்டினார்கள், ஒன்றுகூடினார்கள், அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். 2016இல் ஆசிரமம் தேசியப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு பெற்றது. பள்ளிக்கூடம் கட்டத் தெரிந்த சமுதாயம் அதைக் காக்கவும் கற்றுக்கொண்டது.

சரி, மாணவனின் குறிக்கோள் எதுவாக இருக்க வேண்டும்?

நம் வீடுகளில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. "எப்படியாவது படித்து இந்தத் தோட்டத்தை விட்டு ஓடிப்போ." வயிறெரிந்து சொல்லும் தாயை நான் குறை கூறமாட்டேன். மழையிலும் கொசுக்கடியிலும் நின்றவளுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் ஓடிப்போவது மட்டுமே குறிக்கோளானால், ஓடிப்போனவன் திரும்பிப் பார்க்கமாட்டான். லயத்தில் பிறந்தேன் என்று சொல்லக் கூசுவான். நாளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, விண்ணப்பத்தோடு வரும் நம்மவரையே நிற்க வைப்பான். சைக்கிளை விட்டு இறங்கியவனுடைய பேரன் மற்றவனை இறங்கச் சொன்னால் நாம் பெற்ற கல்வியால் என்ன பயன்?

இதற்கு மாறான வழியும் நம் கண்ணெதிரில் இருக்கிறது. 1982இல் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டாக்டர் தம்பிராஜா அவர்களும் மாணவர்களும் சேர்ந்து ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தவர்கள், இடம் கிடைக்காத தம்பி தங்கைகளுக்காகப் பாட வகுப்புகள் நடத்தினார்கள். ஆண்டுதோறும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் போகிறார்கள். ஏறினவன் கயிற்றை மேலே இழுத்துக்கொள்ளாமல் கீழே விட்டான். அதுதான் நான் சொல்லும் குறிக்கோள்.

நம் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையே பாருங்கள். 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகி நாடு தழுவிய சங்கம் பிறந்தபோது அதன் பொதுச் செயலாளராக வந்தவர் பி. பி. நாராயணன். 1962இல் அவருக்கு மகசாய்சாய் விருது கிடைத்தது. 1975இல் உலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். பெரட்டுக் களத்து மக்களுக்காகப் பேசியவர் உலக அரங்கின் நாற்காலியில் அமர்ந்தார். டாக்டர், வக்கீல் என்ற இரண்டே குறிக்கோள்தான் உலகில் உண்டு என்று எண்ணாதீர்கள். நல்ல மின்தொழிலாளி, நல்ல தாதி, நல்ல ஆசிரியை, நல்ல சங்கச் செயலாளர் ஆகிய எல்லாரும் சமுதாயத்துக்கு வேண்டியவர்களே.

தோழர்களே! இதை இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530 இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் அண்டை வீட்டுக்காரர் கேட்பார், கோயில் பூசாரி கேட்பார், தண்டல் கேட்பார். அடுக்குமாடி வீட்டில் யார் கேட்கிறார்கள்? பள்ளியை விட்டு நின்ற பையனை, "வா தம்பி" என்று அழைத்துக்கொள்ளத் தெருமுனையில் வேறு கூட்டம் காத்திருக்கிறது. நாம் கைவிட்ட இடத்தை அந்தக் கூட்டம் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள்.

பெற்றோரே, பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி வாசலிலேயே தொல்லை தொடங்கும். ஒட்டுப்பால் எடுக்க ஆள் வேண்டும் என்று பள்ளி நாளில் பிள்ளையை நிரைக்குக் கூட்டிப் போகாதீர்கள். தினம் மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓயட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். பின்வரிசையில் ஒளியாமல் முன்வரிசையில் உட்காருங்கள்.

கிராணிமார்களே, உங்களுக்கு விண்ணப்பப் பாரங்கள் கைவந்த வேலை. உதவித்தொகைக்கும் மேற்படிப்புக்கும் மனுப்போடத் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரம் கொடுங்கள். பால் சீவுகிறவர் பிள்ளையும் கிராணி பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதட்டும்.

சங்கக் கிளைத் தலைவர்களே, 15 வயதுப் பிள்ளைகளைக் கூட்டத்தில் ஓரமாக உட்கார வைத்து, குறிப்பு எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்குரிமை வந்துவிட்டது. பெயரும் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. மூன்றே ஆண்டில் நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கப் போகிறவர்களுக்கு ஒரு கூட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டாமா?

மாணவ மணிகளே, இன்று வாங்கும் பரிசை வீட்டுக்குக் கொண்டுபோய் முதலில் அப்பா அம்மா கையில் கொடுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். நான் என்ன ஆகப் போகிறேன் என்பது முதல் வரி. ஆனபின் யாருக்கு உதவுவேன் என்பது இரண்டாவது வரி. இரண்டாவது வரி வெறுமையாக இருந்தால் முதல் வரியை இன்னும் ஒருமுறை யோசியுங்கள்.

1941இல் இந்த மண்ணில் உயிர் கொடுத்தவர்கள் உங்களுக்காகப் பள்ளிக்கூடத்தையும் கேட்டார்கள், சைக்கிளில் நிமிர்ந்து போகும் உரிமையையும் கேட்டார்கள். நிமிர்ந்து போங்கள். வழியில் நடந்து வருகிறவர் யாராவது இருந்தால், பின்னால் ஏற்றிக்கொள்ளவும் மறவாதீர்கள்.