ஓட்டை வழியே போகும் காசு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை என்று எல்லாத்தையும் பைசா சுத்தமா கணக்குப் பார்க்கிறோம். இன்னிக்கு கரண்ட் பில்லையும் கொஞ்சம் பார்ப்போம்.

நம்ம திருநின்றவூர் பக்கம் கம்பெனியில நைட் ஷிப்ட் முடிச்சு, பகல்ல தூங்குறவங்க நிறைய பேர். வெயில் தாங்காம தவணையில ஏசி வாங்கிடுறோம். 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வந்தது. தினமும் ஏசி ஓடுற வீட்டுக்கு 100 யூனிட் சில வாரத்துக்குத்தான் வரும். அப்புறம் யூனிட் கூடக்கூட, யூனிட்டோட விலையும் ஏறும்.

ஒரு டன் ஏசியில் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1 யூனிட் செலவு. கதவு இடுக்கு, ஜன்னல் சந்து, ஏசி பைப் போன துவாரம், சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி, இதன் வழியா குளிர்ச்சி போகும். சூடும் ஈரப்பதமும் உள்ளே வரும். கம்ப்ரசர் நிற்காம ஓடும். தினமும் 1 மணி நேரம் குறைந்தாலே இரண்டு மாதத்தில் சுமார் 60 யூனிட் மிச்சம்!

ஓட்டையைக் கண்டுபிடிப்பது சுலபம். ராத்திரி அறைக்குள் லைட் போட்டு, கதவைச் சாத்தி, வெளியே நின்று பாருங்க. வெளிச்சம் தெரியுற இடமெல்லாம் ஓட்டைதான். கதவுக்கு அடியில் பழைய புடவையை இறுக்கமா சுருட்டி வையுங்க. ஜன்னல் ஓரத்துக்கு ஒட்டுற ஸ்பாஞ்ச் டேப், பைப் துவாரத்துக்குப் புட்டி போதும். ஏசியை 24 டிகிரியில் வையுங்க. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

பிரிட்ஜ் கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடுங்க. இழுத்தா சுலபமா வந்துட்டா, ரப்பர் தளர்ந்திருக்கு. முதல்ல சோப்புத் தண்ணியில துடைங்க. அப்பவும் பிடிக்கலேன்னா ரப்பரை மட்டும் மாத்தினா போதும்.

ஒண்ணு மட்டும் ரொம்ப முக்கியம், சகோதரிகளே. சமையல் அறையை ஒருபோதும் அடைக்காதீங்க. கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனமாக இருப்பதால் தரையோரமா தங்கும். அது வெளியேற வழி வேணும். விறகடுப்புப் புகையில் உள்ள நச்சு வாயு, மூடின அறையில் உயிரையே எடுக்கும். அடைத்த அறையில் கரி அடுப்பு, கொசுவத்திச் சுருள் வேண்டாம். ஏசி இல்லாத வீட்டில் எதையும் அடைக்க வேண்டாம்; காத்தோட்டம்தான் நமக்குக் குளிர்ச்சி.

வீட்டுக்குப் போனதும் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்க. ஒரு வாரம் கழிச்சு எத்தனை யூனிட் ஆச்சுன்னு பாருங்க. பிறகு இடுக்கை அடைச்சு, இன்னொரு வாரம் பாருங்க. அந்தக் கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. மிச்சமான காசை சேமிப்பில் சேர்ப்போம்.