பெட்டியடியும் மடிக்கணினியும்

(காரைக்குடியில் இளைஞரிடையே நிகழ்த்திய உரை)

தம்பி! தங்காய்!

வாரத்தில் மூன்று நாள் அலுவலகமாம்; இரண்டு நாள் இல்லமாம்; கலப்பு வேலை முறையாம்! இருபத்தோராம் நூற்றாண்டு ஈன்றெடுத்த இளங்குழவி என்று அதை ஏந்திக் கொஞ்சுவோர் உண்டு. எட்டி உதைப்போரும் உண்டு. நான் கேட்கிறேன்: முதலாளி காரைக்குடியில் வீற்றிருக்க, தொழில் இரங்கூனில் நடந்ததே, அதற்கு என்ன பெயர்?

வீட்டு முகப்பில் அமர்ந்தபடி, கடிதத்தாலேயே கடல் கடந்த கடையை ஆண்டனர் நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் அத்தகைய கடைகள் ஏறத்தாழ 1,650. அந்த வட்டிக்கடைக்கு வாழ்த்துப்பா பாட வந்தவனல்லன் நான். பர்மிய உழவனின் வயல் கைமாறிய வரலாற்றை நான் மறக்கவில்லை. நான் சுட்டுவது வேறொன்று. முதலாளி வீட்டிலிருக்கலாம், பெட்டியடிப் பையன் இருக்க முடியுமா? முடியாது! அவன் கப்பலேறினான். ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக நின்ற கிட்டங்கியில், மேலாளின் காலடியில் அமர்ந்தான். யாருக்குக் கடன் கொடுத்தார், யாரை இன்சொல்லால் திருப்பி அனுப்பினார், எந்த முகத்தைக் கண்டதும் பேரேட்டை மூடினார் – எவரும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை. பார்த்தான், கேட்டான், அடுத்தாள் ஆனான், பிறகு மேலாளும் ஆனான்.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். நாடகத்தை எனக்குக் கற்பித்தது மேடையின் பக்கத்திரை. வசனத்தை ஏட்டில் படித்துவிடலாம். எந்த இடத்தில் மௌனம் காக்க வேண்டும் என்பதை எந்த ஏடு சொல்லும்?

இனி இன்றைய கதைக்கு வருவோம். 2020-இல் டி.சி.எஸ். நிறுவனம் முழங்கியது: 2025-க்குள் நான்கில் ஒரு பங்கினர் அலுவலகம் வந்தால் போதும் என்று. 2023 அக்டோபரிலோ, வாரம் ஐந்து நாளும் வருக என்று ஆணை பிறந்தது. 2024-இல் வருகைப் பதிவையும் மாறுபடும் ஊதியத்தையும் ஒரே கயிற்றில் கட்டினர். இன்போசிஸ் 2025 மார்ச்சு முதல் மாதம் பத்து நாள் வரச் சொன்னது. காற்று திரும்பும் திசையெல்லாம் திரும்பியவர்கள் அவர்கள். பெட்டி படுக்கையோடு பல்லவன் வண்டியில் அலைந்தவன் நீ!

"வீட்டிலிருந்தால் வளர்ச்சி குன்றும்" என்று மிரட்டுகிறார்களே, மெய்யா? பாதி மெய். சீனத்துச் சி-டிரிப் நிறுவனத்தில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்தோரின் உழைப்பு 13 விழுக்காடு உயர்ந்தது. ஆனால், அவ்வுழைப்புக்கு உரிய பதவி உயர்வு அவர்களுக்குக் கிட்டவில்லை. கண்ணில் படாதவன் கருத்திலும் படவில்லை! அதே நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்தோருக்குப் பதவி உயர்வில் குறையேதும் இல்லை. வேலையை விட்டு விலகுவோர் தொகையும் மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஆகவே தம்பி, குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது வீடல்ல. எத்தனை நாள், எவரோடு என்பதே வழக்கு.

எவரோடு? அங்கேதான் முள் தைக்கிறது. அமெரிக்க நிறுவனமொன்றின் மென்பொருள் பொறியாளரை ஆராய்ந்தனர். ஒரே கட்டடத்தில் அமர்ந்த குழுவில் இளையோர் பெற்ற திருத்தக் குறிப்புகள் மிகுதி. மூத்தோரோ, கற்றுக்கொடுத்த நேரத்தில் தம் வேலையைக் குறைத்துக்கொண்டனர். புரிகிறதா? கற்பிப்பவன் விலை கொடுக்கிறான். அவ்விலை எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை! அதனால் மூத்தவர் வீட்டிலிருக்கும் செவ்வாயன்று இளையவன் அலுவலகம் போகிறான். அங்கே அமர்ந்து, செவியில் கருவியை மாட்டிக்கொண்டு, வீட்டிலிருக்கும் அதே மூத்தவரோடு திரையில் பேசுகிறான். இதற்கா அறை வாடகை? இதற்கா விடுதிச் சோறு?

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு இது இருமடங்கு இழப்பு. மேலதிகாரியிடம் "இயலாது" என்பதை எப்படிச் சொல்வது, ஊதிய உயர்வை எப்போது கேட்பது என்றெல்லாம் சொல்லித்தர அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதற்காகத் தங்கையின் நிலையை மறந்துவிட முடியுமா? கைக்குழந்தையோடு சொந்த ஊரிலிருந்தே சம்பாதிக்கும் வாய்ப்பு அவளுக்கு வந்ததே அண்மையில்தான். "சென்னைக்கு வா, இல்லையேல் விலகு" என்றால், விலகுபவள் அவளே.

நாம் கேட்பது எளிது. இளையோர் வரும் நாளில் மூத்தோரும் வரட்டும். கற்பித்த நேரத்தையும் வேலையாகக் கணக்கிட்டு அதற்கு மதிப்பெண் தரட்டும். பதவி உயர்வுப் பட்டியலை வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதாதிருக்கட்டும். அலுவலகமே ஊர் தேடி வரட்டும்! வராதா? தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோகோ 2011-இலேயே கடை விரிக்கவில்லையா? விழுப்புரத்திலும் தஞ்சையிலும் சேலத்திலும் 2024-இல் சிறு டைடல் பூங்காக்கள் திறக்கப்படவில்லையா? காரைக்குடிக்கும் அறிவித்திருக்கிறார்கள்.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இந்த ஊருக்கு அழைத்து வந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் கதவு திறந்தது. அறிவியலாளர் இங்கே வந்து அமர்ந்தனர். அவரருகே இளைஞர் அமர்ந்தனர். சிறு டைடல் இங்கே எழும்போது, கணினியும் நாற்காலியும் மட்டும் வந்தால் போதுமா, மேலாளும் வருவாரா என்று ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே கேள், தம்பி!