நேரக் கணக்கில் ஒரு மணி நேரப் பிசகு
(சங்கரன்கோவிலில் கணினி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நம் சங்கரன்கோவிலில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12.20 காட்டும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு அமைந்ததே காரணம். கடிகார நேரத்தை முடிவுசெய்வது அரசு. நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள்; அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மீண்டும் நம் நேரத்துக்கு வந்தார்கள்.

லண்டனிலோ ஆண்டுதோறும் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்பும். அங்கே காலை 10 மணிக்கு இணையவழி நேர்காணல் என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 3.30, கோடையில் 2.30. எப்போதும் 5.30 கூட்டும் நிரலை நம்பிய மாணவர், கோடையில் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார். வாய்ப்பு காத்திருக்காது.

ஆகவே, நடந்து முடிந்ததை உலகப் பொது நேரத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். வரப்போவதற்கு அந்த ஊர் நேரத்தையும் 'யூரோப்/லண்டன்', 'ஏசியா/கொல்கத்தா' போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்துச் சேமிக்கட்டும். பைத்தான் 3.9 முதல் உள்ள 'ஸோன்இன்ஃபோ', அந்தப் பெயரைக் கொண்டு அன்றைய தேதிக்குரிய வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும்.

வகுப்பில் ஒரு பயிற்சி கொடுங்கள்: 1995, 1997, 2007 ஆண்டுகளின் ஜனவரி முதல் நாளில் கொழும்புக்கும் சென்னைக்கும் எவ்வளவு நேர வித்தியாசம்? 1997-க்கு மட்டும் அரை மணி என வர வேண்டும். மூன்றுக்கும் ஒரே விடை வந்தால், நிரலைத் திருத்தச் சொல்லுங்கள்.