யார் ஏழை என்று யாரைக் கேட்டோம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "வறுமை ஒழிப்பில் மகளிர் குழுக்களின் பங்கு". எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு வங்கிக் கடன் என்ற கணக்கை எல்லாம் செயலாளர் அக்கா இப்பத்தான் வாசிச்சாங்க. நாம கை தட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனா அந்த அறிக்கையில் இல்லாத ஒரு கணக்கு இருக்கு. நம்ம பதிவேட்டில் பேர் அடிக்கப்பட்டவங்களோட கணக்கு. அதைப் பத்தித்தான் நான் பேசப் போறேன். தலைப்பை விட்டு விலகிட்டதா நினைக்காதீங்க, சுத்தி அங்கேதான் வருவேன்.

முதலில் ஒரு நாளைப் பற்றிச் சொல்றேன். புது வாழ்வுத் திட்டம் நம்ம ஊருக்கு வந்த சமயம். மக்கள் நிலை ஆய்வு நடத்தணும்னு சொன்னாங்க. மாரியம்மன் கோயில் முன்னாடி தரையைக் கூட்டி, தண்ணி தெளிச்சு, கோலமாவிலும் கலர்ப்பொடியிலும் ஊர் வரைபடம் போட்டோம். தெரு, கிணறு, டேங்க், பள்ளிக்கூடம், ஒவ்வொரு வீடும். நான் அப்போ ஊக்குநர். கையில் பேப்பரும் பேனாவும், மனசுக்குள்ள கொஞ்சம் கர்வமும்.

அதுக்கு முன்னாடி யார் ஏழைன்னு முடிவு பண்ணினது எப்படி? 2002-இல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 13 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 52. நிலம் எவ்வளவு, வீடு என்ன வீடு, ஆளுக்கு எத்தனை துணி, ஃபேன் இருக்கா, குக்கர் இருக்கா என்று கேட்டு மார்க் போட்டாங்க. மார்க் குறைஞ்சா ஏழை, கூடினா ஏழை இல்லை. பரீட்சையில் ஃபெயில் ஆனாத்தான் உதவி! இன்னொரு கணக்கும் உண்டு, வறுமைக் கோடு. 2011-12-க்கு கிராமத்தில் ஒரு ஆளுக்கு மாசம் 816 ரூபாய்னு திட்டக் குழு சொன்னது. ஒரு நாளைக்கு 27 ரூபாய் சொச்சம். அதுக்கு மேல செலவு பண்ணினா கோட்டுக்கு மேல.

கோயில் வாசலில் நாங்க கேட்டது வேற மாதிரி. "இந்த ஊர்ல யாரை நீங்க ரொம்ப ஏழைன்னு சொல்வீங்க? ஏன்?" அவ்வளவுதான் கேள்வி. முதலில் எல்லாரும் நமக்குத் தெரிஞ்சதையே சொன்னாங்க: நிலம் இல்லாதவங்க, கூரை வீடு, விதவை. அப்புறம் ஒரு அம்மா சொன்னாங்க, "சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தும் போக முடியாம கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்திருக்கிறவ ஏழை." இன்னொருத்தர், "அரைப்படி அரிசி கைமாத்து கேட்டா, 'எப்பத் திருப்பித் தருவே'ன்னு கேள்வி வருதே, அவ ஏழை." கடைசியில் ஒரு பாட்டி, "ராத்திரி நெஞ்சு வலிச்சா கூப்பிட ஆள் இல்லாதவதான் கண்ணு ஏழை. எனக்குப் பென்ஷன் வருது. கூப்பிட ஆள் இல்லை" என்றார். நான் எழுதிக்கிட்டிருந்த பேனா நின்னுடுச்சு. எந்தப் படிவத்தில் இதுக்குக் கட்டம் இருக்கு?

ஆனா அன்னிக்கு நாங்க செஞ்ச தப்பையும் சொல்லணும். வரைபடம் முடிஞ்சதும், எல்லா வீடும் வந்தாச்சான்னு கேட்டோம். வந்தாச்சுன்னாங்க. ஓரமா நின்னுக்கிட்டிருந்த ஒரு பொண்ணு, "ஏரிக்கரை வீடுங்க ஆறும் வரலையே" என்றாள். காலனித் தெருவுக்கும் அந்தப் பக்கம் இருக்கிற வீடுகள். அவங்க யாருமே கோயில் முன்னாடி வரலை. ஏன் வரலைன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? கூட்டம் போட்ட இடமே அவங்களை வர விடாத இடம். நேரமும் காலை பத்து மணி. அவங்க வேலையில் இருக்கிற நேரம். மறுநாள் ராத்திரி ஏழு மணிக்கு ஏரிக்கரைக்குப் போய், தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டோம். அங்க கிடைச்ச பதில் முதல் பட்டியலையே மாத்திடுச்சு. கேட்கிறது முக்கியம்தான், எங்க உட்கார்ந்து, எந்த நேரத்தில், யார் முன்னாடி வச்சுக் கேட்கிறோம்ங்கிறதும் அதே அளவு முக்கியம்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இது நம்ம ஊர்ப் பெண்கள் மட்டும் சொன்னதில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் உலக வங்கி, தீபா நாராயண் என்ற அம்மையார் தலைமையில், 60 நாடுகளைச் சேர்ந்த 60,000-க்கும் மேற்பட்ட ஏழை மக்கள் சொன்னதைத் தொகுத்து வெளியிட்டது. பசி, நோய், வேலையின்மை எல்லாம் அதில் இருக்கு. அதோடு சேர்த்து எல்லா நாட்டிலும் சொன்னது அவமானம். ஆபீசில் நிக்க வைக்கிறது, ஆஸ்பத்திரியில் எரிஞ்சு விழறது, பேச வாய் திறந்தா கேட்க ஆள் இல்லாதது. மொழி வேற, நாடு வேற, வலி ஒண்ணு.

ராஜஸ்தானில் ஜோதா என்ற பொருளியல் அறிஞர் இரண்டு கிராமங்களில் சில குடும்பங்களை இருபது வருஷ இடைவெளியில் பார்த்தார். கணக்குப்படி அந்தக் குடும்பங்களின் தலைக்கு வருமானம் 5 சதவீதத்துக்கும் மேல் குறைஞ்சிருந்தது. காகிதத்தில் அவங்க இன்னும் ஏழை ஆகிட்டாங்க. ஆனா அவங்களையே கேட்டப்போ, தாங்க முக்கியம்னு நினைச்ச 38 விஷயத்தில் 37-இல் முன்னைவிட நல்லா இருக்கோம்னு சொன்னாங்க. எப்படி? பண்ணையார் ஒருத்தரையே நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. காலில் செருப்பு போட்டு நடக்கிறோம். மாட்டுக்குத் தனி இடம், மனுஷருக்குத் தனி அறை. இதெல்லாம் அவங்க கணக்கு. இதில் யார் கணக்கு சரின்னு சண்டை போட நான் வரலை. சம்பந்தப்பட்டவங்களைக் கேட்காம போடற கணக்கு பாதிக் கணக்குதான்னு மட்டும் சொல்றேன்.

இன்னொருத்தர் அனிருத் கிருஷ்ணா. ராஜஸ்தானில் ஐ.ஏ.எஸ். அதிகாரியா இருந்தவர். ஊர் மக்களைக் கூட்டி வச்சு ஒரு அழகான கேள்வி கேட்டார்: "ரொம்ப ஏழைக் குடும்பத்துக்குக் கையில் கொஞ்சம் காசு வந்தா முதலில் என்ன செய்யும்? அடுத்தது என்ன? எந்தப் படி வந்த பிறகு அந்தக் குடும்பத்தை ஏழைன்னு சொல்ல மாட்டீங்க?" ராஜஸ்தான் கிராமங்களில் வந்த பதில்: முதலில் சாப்பாடு, அடுத்தது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பறது, அப்புறம் வெளியே போட்டுட்டுப் போக நல்ல துணி, நாலாவது கடனைத் தவணை தவணையா அடைக்கிறது. இந்த நாலும் முடிஞ்சா ஏழை இல்லை. நம்ம வீட்டிலும் ஏறக்குறைய இதே வரிசைதானே?

அவர் இன்னொன்றும் கேட்டார். நல்லா இருந்த குடும்பம் ஏன் ஏழையாச்சு? ஊர் ஊரா வந்த முதல் காரணம் நோய், மருத்துவச் செலவு. அதோட கூட கந்து வட்டிக் கடனும், சாவு கல்யாணச் செலவும். குடி, சோம்பேறித்தனம் என்று நாம சுலபமா சொல்றோமே, அது காரணமா இருந்த குடும்பங்கள் ரொம்பக் கொஞ்சம்தான். இதைக் கேட்டப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஏன்னு இப்போ சொல்றேன்.

சகோதரிகளே, 1989-இல் ஐஃபாட் நிறுவன உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதன்முதலா ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தப் பெருமை நமக்கு உண்டு. நான் பல வருஷம் கழிச்சு ஒரு குழுவில் செயலாளர் ஆனேன். வாரா வாரம் கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவறாத திருப்பம், சரியான கணக்கு. பஞ்ச சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எங்க குழுவில் ஒரு பெண். புளி தட்டற வேலைக்குப் போவாங்க. கிலோக் கணக்குக் கூலி. தொடர்ந்து சில வாரம் கூட்டத்துக்கு வரலை, சேமிப்பும் கட்டலை. அந்த நேரம் எங்களுக்குத் தரம் பிரிக்க வர்றாங்கன்னு தகவல். வருகை குறைஞ்சா மார்க் குறையும், மார்க் குறைஞ்சா சுழல் நிதி வராது. எல்லாரும் பேசினோம். "அவ வீட்டுக்காரர் குடிகாரர், காசு அங்க போகுது, இவளுக்கும் பொறுப்பில்லை" என்று முடிவு கட்டினோம். தீர்மானப் புத்தகத்தில், "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறார்" என்று எழுதினது இந்தக் கைதான். அவங்க சேமிப்பைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். பைசா சுத்தமா கொடுத்தோம். அதில் எனக்குத் திருப்தி வேற.

நாலஞ்சு வருஷம் கழிச்சு ஒருநாள் சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது. நான்தான் கேட்டேன், "ஏன்க்கா அப்போ கூட்டத்துக்கு வராம விட்டுட்டீங்க?" அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இத்தனை வருஷம் கழிச்சு நீதாம்மா முதல்ல கேக்கறே" என்றாங்க.

வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கோளாறு. கால் வீங்கி, நடை தள்ளாடி வந்திருக்கார். அதைத்தான் நாங்க குடின்னு நினைச்சோம். மருந்துக்கு 2,000 ரூபாய் உள்கடன் கேட்கணும்னு ஒரு வாரம் வந்திருக்காங்க. அன்னிக்கு நான், "வருமானம் தர்ற தொழிலுக்கு மட்டும்தான் இந்த மாசம் கடன்" என்று பொதுவா அறிவிச்சிருக்கேன். வாயைத் திறக்காமலே திரும்பிட்டாங்க. வெளியே வட்டிக்கு வாங்கினாங்க. அப்புறம் ஏன் வரலை? "காசு இல்லாம இல்லைம்மா. ஒவ்வொரு வாரமும் எம்பேரைச் சொல்லி, பாக்கி இவ்வளவுன்னு சத்தமா படிப்பியே, எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களே, அதுக்குத்தான் வரலை."

அவங்களை விரட்டினது கந்து வட்டிக்காரர் இல்லை, ஆபீசர் இல்லை, பண்ணையார் இல்லை. நானும் என் பதிவேடும். ஏழைகளை மதிக்கலைன்னு மத்தவங்களைக் குறை சொல்ற நாமளே, நம்மளைவிட ஒரு படி கீழே இருக்கிறவங்களுக்கு ஆபீசர் ஆகிடறோம்.

இதை எங்க குழுவில் சொன்னப்போ பொருளாளர் அக்கா கேட்டாங்க, "பாக்கியைப் படிக்காம, வராதவங்களை விட்டுக்கிட்டே இருந்தா குழு நிக்குமா? மத்தவங்க உழைச்ச காசு இல்லையா?" நியாயமான கேள்வி. விதி வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். விதி இல்லாத குழு நாலு மாசத்தில் கலையும். விதியைக் கையில் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆள் அந்த வீட்டுக்குப் போய், "என்ன ஆச்சு?"ன்னு கேட்கட்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. தெரிஞ்சே ஏமாத்தறவங்களும் இருப்பாங்க. அதுவும் கேட்டாத்தானே தெரியும்?

அதனால் கூட்டமைப்பின் முன்னால் நாலு விஷயம் வைக்கிறேன்.

முதலாவது, பாக்கியைக் கூட்டத்தில் பேர் சொல்லிப் படிக்க வேண்டாம். மொத்தத் தொகையைப் படிப்போம். தனி ஆள் கணக்கைத் தனியாகச் சொல்வோம்.

இரண்டாவது, புளி சீசன், மாங்காய் சீசன், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போற மாசம், எல்லாத்துக்கும் ஒரே சேமிப்புன்னு வைக்காம, கையில் காசு வரும்போது கூட, வராதபோது குறைவாகக் கட்ட குழுவே முடிவு பண்ணலாம். வெளியூர் போனவங்களை வராதவங்கன்னு எழுத வேண்டாம்.

மூன்றாவது, நலிவு நிலை குறைப்பு நிதி நம்மிடம் இருக்கு. மருத்துவத்துக்கு அதிலிருந்து உடனே கொடுக்க வழி செய்வோம். கேட்கிறவங்க மேடைக்கு வந்து நின்னு கேட்கிற மாதிரி வைக்காதீங்க.

நாலாவது, ஒவ்வொரு குழுவும் பழைய பதிவேட்டை எடுத்து, பேர் அடிக்கப்பட்டவங்க பட்டியலை எழுதுங்க. அவங்க வீட்டுக்கு, அவங்களுக்குத் தோதான நேரத்தில், ரெண்டு பேர் போங்க. படிவம் எடுத்துட்டுப் போகாதீங்க. ஏன் போனீங்க, அப்போ என்ன இருந்திருந்தா இருந்திருப்பீங்க, இப்போ எங்களால் என்ன ஆகும், இந்த மூணு கேள்வி போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஏரிக்கரையில் ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "எத்தனை பேர் வந்து எழுதிட்டுப் போனீங்க, எழுதின பேப்பர் எங்கம்மா?" என்று கேட்டாங்க. கேட்டுட்டுச் சும்மா வர்றது, கேட்காம இருக்கிறதைவிட மோசம். நம்மால் முடியாததை முடியாதுன்னு அங்கேயே சொல்லிடுவோம். முடிஞ்சதை அடுத்த கூட்டத்துக்குள் செய்வோம்.

சந்தையில் பார்த்த அந்த அக்காவை மறுபடியும் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டேன். இன்னும் சேரலை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாங்க. யோசிக்கட்டும். எங்க தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதின அந்த வரிக்குக் கீழே, "இது உண்மையல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தர் கைநாட்டு.