மேடையில் நம் பிள்ளைகள்

 

நான் மாணவனாயிருந்த காலத்தில் பள்ளி ஆண்டுவிழாவில் எனக்குக் கிடைத்தது திரைக்கயிற்றை இழுக்கும் வேலை. வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆயினும் அரச வேடம் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. பள்ளி நாடகத்தைப் பொழுதுபோக்கு என்பார்கள். யார் பேசுவது, யார் கயிறிழுப்பது என்பதை அது சிறுவயதிலேயே கற்பித்துவிடுகிறது என்பதை நான் அன்றே அறிந்தேன்.

ஜெர்மனியில் சிட்டாவ் என்னும் நகரில் கிறிஸ்டியன் வைசே என்றொரு தலைமையாசிரியர் இருந்தார். 1678 முதல் 1708 வரை பொறுப்பிலிருந்த அவர், மாணவர் நடிப்பதற்கென்றே நாடகங்கள் எழுதினார். பலருக்கும் இடம் கிடைக்கும்படி பாத்திரங்களைப் பெருக்கினார். அவையில் அஞ்சாது பேசப் பழகவேண்டும் என்பதே அவர் நோக்கம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அப்பயிற்சி தேவைப்பட்டதெனில், நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

நம் மாவட்டத்திலும் அத்தகையோர் தோன்றினர். நாங்குநேரியில் 1935இல் பிறந்த பேராசிரியர் சே. இராமானுஜம், ஆசிரியப் பணியாற்றியவர். தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். காந்திகிராமத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் கற்பித்தார். குழந்தைகள் நாடகத்துக்காகவும் உழைத்து 2016இல் மறைந்தார்.

அதே நாங்குநேரியில்தான் 2023 ஆகஸ்டில், நம் பிள்ளை ஒருவனை வீடு புகுந்து உடன்பயின்ற மாணவர்களே அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். ஒரே பள்ளியில் பயின்றவர்கள். ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்தவர்கள்.

என் பள்ளியில் நான் பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கியே வழங்குகிறேன். ஓராண்டு அரச வேடம் நம் தெருப் பிள்ளைக்கு விழுந்தது. அமைச்சர் வேடம் வேறொரு தெருப் பிள்ளைக்கு. “என் மகன் அவன்முன் வணங்கி நிற்பதா?” என்று ஒரு தந்தை வந்து கேட்டார். “ஒத்திகையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஐயா” என்றேன். அன்று அமைச்சருக்கு வசனம் மறந்துபோயிற்று. அரசன் மெல்ல அடியெடுத்துக் கொடுத்தான். தந்தை ஒன்றும் பேசாமல் போனார். விழாவன்று முன்வரிசையில் வந்து அமர்ந்தார்.

ஒரு நாடகத்தால் அரிவாள் மழுங்கிவிடும் என்று நான் கூறவில்லை. அதற்குச் சட்டமும் காவலும் வேண்டும். ஆனால், ஒருவனுக்கு மற்றவன் அடியெடுத்துக் கொடுக்கும் பழக்கம் பள்ளியில்தான் தொடங்கமுடியும்.

இளைஞர்களே! நம் சங்கத்து ஆண்டுவிழாவில் ஆணும் பெண்ணுமாக ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வசனமாவது பேசட்டும். திரைக்கயிற்றையும் முறைவைத்து எல்லோரும் இழுக்கட்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, பாத்திரங்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்று மரியாதையோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள்.